நனைத்து வெட்டிய எஞ்சின்

இன்று காலை எதிர் வீட்டுத் தறிக்கூடத்தின் கூரையை உடைத்தார்கள். மாடி எடுக்கப் போகிறார்களாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை ஆணி கழற்றி இறக்கப் பொறுமையில்லாமல் ஒருவன் மேலே நின்று சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். கீழே விழுந்து நொறுங்கும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் வெள்ளையாய் ஒரு தூசி எழுந்து வெயிலில் மினுங்கியது. காய்ந்த சுண்ணாம்பின் வாசனை மாதிரி ஒன்று. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் பல் பிரஷ்ஷோடு தெருவுக்கு ஓடினேன்.

"தம்பி, உடைக்காதப்பா! தண்ணி ஊத்து மொதல்ல. நனைச்சிட்டு முழுசா எறக்கு" என்று கத்தினேன்.

மேலே நின்றவன் சிரித்தான். "இன்னா பெருசு, வூடு உன்துதா?"

"வூடு என்துல்லப்பா. காத்து எல்லார்துந்தான்."

எங்கள் வீட்டுக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி நானே பீய்ச்சத் தொடங்கினேன். எதிர் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்து அறைத் தறியில் பாவு ஏற்றியிருக்கிறது, பட்டு நனைந்தால் யார் பொறுப்பு என்று சண்டைக்கு வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. சின்ன காஞ்சிபுரத்தில் நான் கொஞ்சம் கழன்றவன் என்ற பேச்சு ஏற்கனவே உண்டு. இன்றைக்கு அது உறுதிப்பட்டிருக்கும். கடைசியில் அரைமனதோடு நனைத்துத்தான் இறக்கினார்கள். நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பழகத் தொடங்கியது நினைவிருக்கிறதா? ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் காயலான் கடைக்குப் பெயர்ப் பலகை எழுத வந்திருந்தேன். ஏணி மேல் நின்றவன் மீது தீப்பொறி பறந்து வந்து விழுந்தது. கீழே நீ கறுப்புக் கண்ணாடியும் கேஸ் கட்டருமாக ஒரு லாரிச் சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தாய். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ஆர்ட்டிஸ்ட்டே, எறங்கிக்கோ. நான் முடிச்சதும் எழுது. சட்டையெல்லாம் பூ பூத்துடப் போவுது" என்றாய். இறங்கினேன். டீ வாங்கிக் கொடுத்தாய். அன்றிலிருந்து உன் கடைசி நாள்வரை நீ என்னை ஆர்ட்டிஸ்ட்டே என்றுதான் கூப்பிட்டாய். பெயர் சொன்னதே இல்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தவர்கள். நான் ஒருவன்தான் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன். ஐயம்பேட்டைக்கு உள்ளே தள்ளியிருந்த காலனியில் உன் வீடு. உன் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். "எங்கப்பன் நெல்லு அறுத்தான், நான் இரும்பு அறுக்கறேன். எங்க வம்சத்துக்கே அறுப்புதான்" என்று சிரிப்பாய்.

அது செங்கல்பட்டு, அரக்கோணம் பாதையில் கரி எஞ்சின்கள் நின்றுபோன காலம். ஓய்ந்துபோன மீட்டர் கேஜ் எஞ்சின்களை ரயில்வேயில் ஏலம் விட்டார்கள். உன் முதலாளி சிலவற்றை எடுத்தார். வெட்டுவதற்கு உன்னை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நீ என் பட்டறைக்கு வந்து உட்காரும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுவாய். முதலில் பாய்லரின் மேல் தகட்டை உரிக்க வேண்டும். அதற்குக் கீழே, சூடு வெளியே போகாமலிருக்க, பாய்லரைச் சுற்றி வெள்ளையாக ஒன்றைப் பூசியிருப்பார்கள். மேலே சிமென்ட் மாதிரி கெட்டியாக இருக்கும், பிய்த்தால் உள்ளே நார்நாராக, பஞ்சு மாதிரி வரும். அது இருந்தால் கட்டரின் நெருப்பு இரும்பைப் பிடிக்காது. அதனால் கையாலேயே அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவீர்கள். பஞ்சு என்றுதான் எல்லோரும் அதைச் சொன்னீர்கள்.

"எஞ்சினு சாவும்போது பஞ்சு கக்குதுடா" என்றாய் ஒருமுறை. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் பிடிக்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த வேலை முடிந்து வந்த நாட்களில் நீ சரியாகச் சாப்பிட மாட்டாய் என்று உன் மனைவி ரோசி சொல்வாள். உன் பெரியப்பா இந்தப் பாதையில் கரி அள்ளிப் போட்டவர், உன்னைச் சின்ன வயதில் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் எஞ்சினுக்குள் ஏற்றிக் காட்டியவர். நீ வெட்டியதில் ஒன்று அவர் கரி போட்டதாகக்கூட இருக்கலாம். அதை நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். அப்புறம் பேச்சை மாற்றிவிட்டாய்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சாக்குப் பஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோனாய். குடில் கட்டுவதற்குப் பனி வேண்டும் என்று உன் மகள் பிரிசி அடம் பிடித்தாளாம். மாட்டுக்கொட்டில் மேலும் மண் ஆடுகள் மேலும் அதைப் பிய்த்துத் தூவினீர்கள். நான் கேக் சாப்பிட வந்தபோது பிரிசி இரண்டு கையிலும் அள்ளி என் தலையில் போட்டு, "அங்கிள், பனி!" என்று குதித்தாள். நீ ஒரு கொத்தை எடுத்து முகவாயில் ஒட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவாக ஆடினாய். ரோசிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கூடத்தில் அன்று இருந்ததைப் போல ஒரு சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சில வருடம் கழித்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்காரர்கள் வெட்டுப்படாமல் மிஞ்சியிருந்த ஒரு எஞ்சினை வாங்கினார்கள். வாசலில் நிறுத்தி வைத்தால் கல்லூரிக்கு ஒரு எடுப்பு என்று தாளாளருக்கு ஆசை. டிரெய்லரில் வந்து இறங்கியபோது அது எஞ்சினாகவே இல்லை. தகடெல்லாம் ஓட்டை, கேபினில் கதவில்லை, புகைபோக்கிக்குள் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. சரி பண்ண உன்னைக் கூப்பிட்டார்கள். பெயின்ட் வேலைக்கு நீ என்னைக் கூப்பிட்டாய்.

அந்த மாதங்களில் உன்னைப் பார்த்திருக்க வேண்டும் ஒவ்வொருவரும். காலையில் எனக்கு முன்னால் வந்துவிடுவாய். "இத்தினி நாளு கசாப்புக் கடை வெச்சிருந்தேன் ஆர்ட்டிஸ்ட்டே. இப்பதான் ஆஸ்பத்திரி வெச்சிருக்கேன்" என்றாய். காணாமல் போயிருந்த கதவை ஒரு பழைய லாரித் தகட்டில் அடித்தாய். ஏறும் படியை, கைப்பிடிக் கம்பியை, முகப்பு விளக்கின் கூட்டை எல்லாம் நீயே வளைத்தாய். யாரும் பார்க்கப் போகாத நெருப்புப் பெட்டிக்குள்கூடப் புகுந்து ஓட்டைகளுக்கு ஒட்டு வைத்தாய். எதற்கு என்று கேட்டேன். "நிக்கறது முழுசா நிக்கட்டும்டா" என்றாய்.

வலப்பக்கத்துத் தகடு உளுத்துப்போயிருந்தது. அதை முழுக்க உரித்து, உள்ளே இருந்த பஞ்சையெல்லாம் சுரண்டி எடுத்தாய். மேலே தகரக் கொட்டகை, காற்று வராத இடம். வெள்ளைத் தூசி உன் இமையில், மீசையில், டீ கிளாஸின் விளிம்பில் படிந்திருக்கும். நான் இந்தப் பக்கம் பின்னாலிருந்த கரிப்பெட்டிக்குக் கறுப்பு எனாமல் அடித்துக்கொண்டு, ஈரப் பெயின்ட்டில் தூசி ஒட்டுகிறது என்று உன்னைத் திட்டுவேன். துண்டை உதறி முகம் துடைத்துக்கொள்வாய். சாயங்காலம் அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போவாய். ரோசி அதைக் கல்லில் அடித்துத் துவைப்பாள்.

திறப்பு விழாவில் நமக்கு மேடையில் இடமில்லை, பந்தலின் கடைசியில் நின்றோம். எஞ்சின் உண்மையாகக் கூவாதே, அதனால் பதிவு செய்த கூவலை ஒலிபெருக்கியில் வைத்திருந்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் ரிப்பன் வெட்டியதும் அது கூவியது. கூட்டம் கைதட்டியது. நீ தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டேப்புல கூவுதுடா" என்று சிரித்தாய். ஆனால் உன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நிறைய வருடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் நினைத்தோம். பிரிசி நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போனாள். பலகை எழுதுவது போய் பிளெக்ஸ் வந்தது. நான் கோயில் வாகனங்களுக்கும் சமாதிக் கற்களுக்கும் எழுதிப் பிழைத்தேன். நீ சொந்தமாக வெல்டிங் கடை போட்டாய். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எஞ்சினைப் பார்த்து, "நிக்குது" என்பாய். அவ்வளவுதான்.

முதலில் படி ஏற முடியவில்லை என்றாய். பிறகு சிலிண்டரை உருட்ட முடியவில்லை. ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்தார்கள், மறுபடி கோத்தது. டி.பி.யாக இருக்கும் என்று மாதக்கணக்கில் மாத்திரை தின்றாய். உன் பெல்ட்டில் நீயே ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டே வந்தாய். கடைசியில் பிரிசிதான் பிடிவாதமாகச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். துணைக்கு நானும் வந்தேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"என்ன வேலை செய்றீங்க?"

"வெல்டிங்மா."

"அதுக்கு முன்னாடி?"

"எஞ்சின் வெட்டிக்கினு இருந்தேன். கரி எஞ்சின்."

"பாய்லர் மேல வெள்ளையா பூசியிருக்குமே, அதை எப்படி எடுத்தீங்க?"

நீ உன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். அது பஞ்சு இல்லை, கல்நார் என்றார். கூரை ஷீட்டில் போடுகிற அதே ஆஸ்பெஸ்டாஸ். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக உள்ளே போய், நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் குத்தி, இருபது முப்பது வருடம் சும்மா கிடந்துவிட்டுப் புற்றாக எழும் என்றார். அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றும் சொன்னார்.

நீ பயப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "எதுல இருந்து வந்திருக்கும்மா? நான் வெட்டினேனே, அதுலயா? ஒன்ன சரி பண்ணி நிறுத்தி வெச்சேன், அதுலயா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க. ரெண்டுலயும் இருக்கலாம்."

திரும்பும் ரயில் செங்கல்பட்டைத் தாண்டியது. நீ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "வெட்டினதுல வந்திருந்தா ஞாயம்டா. நிறுத்தி வெச்சதுல வந்திருக்கக் கூடாது."

எதிரே உட்கார்ந்திருந்த பிரிசி அழவில்லை. அவள் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள். "அப்பா, குடில்ல போட்டோமே பனி. அதுவும் அதானே?"

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உள்ளே ரோசி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். உன் நோயைச் சொன்னபோது அசையாத உன் முகம் அப்போதுதான் உடைந்தது. மகளுக்கும் ரோசிக்கும் எனக்கும் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நீ நம்பவில்லை. ரோசி லேசாகத் தும்மினால்கூட எழுந்து உட்காருவாய்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் உனக்கு அந்த நினைப்பு வந்தது.

"ஆர்ட்டிஸ்ட்டே, காலேஜ் எஞ்சின்ல எடப் பக்கம் தகடு நல்லாருந்துது. அத நாம பிரிக்கவே இல்ல. உள்ள அப்படியே இருக்குது."

மறுநாள் ஷேர் ஆட்டோவில் போனோம். வாசலில் எஞ்சின் நின்றிருந்தது. நான் எழுதிய எண்கள் வெளுத்துப்போயிருந்தன. இடப்பக்கத் தகடு துருவேறி, கையகலத்துக்குப் பிளந்து, அந்தப் பிளவிலிருந்து வெள்ளை நார் கிழவியின் நரை மாதிரி வெளியே தொங்கியது. அதன் நிழலில் சாய்ந்துகொண்டு பிள்ளைகள் சிலர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் பேச்சு சுவாரசியத்தில் அந்த நாரைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரும்மா. கைய கழுவு. எல்லாரும் அந்தாண்ட போங்க" என்றாய். மூச்சு வாங்கியதால் உன் குரல் அதட்டலாக வரவில்லை, கெஞ்சலாக வந்தது. அதனாலோ என்னவோ எழுந்து போனார்கள். நீ தோளிலிருந்த துண்டை எடுத்து, பாட்டில் தண்ணீரை அதில் கொட்டி, அந்தப் பிளவில் வைத்து அழுத்தினாய். ரத்தம் வரும் இடத்தைப் பிடிப்பதைப் போல வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அலுவலகத்தில் மேனேஜர் நம்மை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சின்ன வயது, மரியாதையானவர். எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கேஸ் ஏதாவது போடுற ஐடியால இருக்கீங்களா சார்?" என்றார்.

"எனக்கு ஒன்னும் வேணாம்பா. தெரிஞ்சவங்கள கூட்டி அத முறையா மூடுங்க. அதுவரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க."

"கண்டிப்பா மேனேஜ்மென்ட்ல பேசுறேன் சார்."

பேசினார்கள். அதன் பலன் என்ன என்று கல்லூரி வாட்ச்மேன் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "பெயின்டர் சார், உங்க எஞ்சின காயலானுக்கு வித்துட்டாங்க. வெட்ட ஆள் வந்து எறங்கிக்கினு இருக்குது."

வம்பே வேண்டாமென்று அதை ஒழித்துக்கட்ட முடிவு செய்துவிட்டார்கள். நாம் போய்ச் சொல்லாமலிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும், பிள்ளைகள் நாரைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சொன்னதால் வெட்டப் போகிறார்கள், யாரோ அதை மறுபடியும் கையால் அள்ளப் போகிறார்கள். போனை வைத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ அப்போது நெஞ்சில் குழாயோடு படுத்திருந்தாய். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாய்.

"சட்டைய எடு ரோசி."

"எழுந்து ஒக்காரவே முடியல. எங்க போற நீ? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று ரோசி கத்தினாள்.

"வெட்றவன் வூட்லயும் ஒருத்தி துணி தொவைப்பா இல்ல?"

ரோசி சட்டையை எடுத்து வந்தாள். அவளே பொத்தான் போட்டுவிட்டாள். பிரிசி வேலையிலிருந்து நேராகக் கல்லூரிக்கு வந்தாள், ஒரு பை நிறைய நல்ல முகக்கவசங்களோடு. இதை எப்படிக் கையாள வேண்டும் என்று அவள் ஆஸ்பத்திரியில் பெரியவர்களைக் கேட்டு வந்திருந்தாள். முதலில் சொதசொதவென்று நனைக்க வேண்டும். உலர விடக் கூடாது. ஈரமாகவே சாக்கில் கட்டி வாயை இறுக்க வேண்டும்.

வெட்ட வந்தவர்களின் மேஸ்திரி ஏழுமலை. நாற்பது வயதிருக்கும். கையில் கட்டர், வாயில் பீடி, முகத்தில் ஒன்றுமில்லை. நீ சொன்னதை நின்று கேட்டார்.

"நனைச்சா நாளாவும்யா. மொதலாளி இன்னிக்கே லோடு கேக்கறாரு. நாங்க எத்தினி பாத்திருப்போம் இந்தப் பஞ்சு."

"நானும் பாத்தவன்தாம்பா" என்று சொல்லி நீ சட்டையைத் திறந்தாய்.

எலும்பெல்லாம் எண்ணும்படி இருந்த அந்த நெஞ்சையும், விலாவில் தைத்திருந்த குழாயையும், அதன் நுனியில் தொங்கிய பையையும் அவர் பார்த்தார். பையிலிருந்த திரவம் சிவந்திருந்தது. ஏழுமலை பீடியைக் காலில் போட்டு மிதித்தார். கட்டரை அணைத்தார். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "எறங்குங்கடா கீழ" என்றார்.

மேனேஜர் ஓடி வந்தார். தண்ணீர் லாரி வேண்டும் என்றாய். அதற்கெல்லாம் அனுமதி இல்லை என்றார். நீ நாற்காலியைக் கேட்டில் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாய். கல்லூரி விடும் நேரம். பஸ்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் இறங்கி வந்து போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லாரி வந்தது.

அப்புறம் நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எஞ்சின் மேல் தண்ணீர் மழையாகக் கொட்டியது. தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே ஊறவிட்டு, பிரிசி சொன்னபடி ஈரக் கட்டிகளாக எடுத்துச் சாக்கில் கட்டினார்கள். மறுநாளும் அதே வேலை. நீ காற்று வரும் திசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். முடிந்தபின்தான் கட்டரைப் பற்ற வைத்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். நீ மறுத்தாய்.

கேபினை அறுக்கும்போது நெருப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏழுமலை திணறினார். நீ கை தட்டிக் கூப்பிட்டாய்.

"அங்க வேணாம்பா. அது நான் வெச்ச ஒட்டு. கெட்டியா இருக்கும். ஒரு சாண் கீழ எறக்கி அறு, விட்டுடும்."

அவர் அப்படியே செய்தார். விட்டுவிட்டது. நீ வளைத்த கைப்பிடியோடு நீ அடித்த கதவு சேற்றில் விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ திருப்பவில்லை. ஒவ்வொரு ஒட்டும் எங்கே இருக்கிறதென்று சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டே இருந்தாய்.

சாக்குகளை என்ன செய்வது என்பதுதான் பெரிய சண்டையானது. அதற்கென்று இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கல்லூரி கேட்கவில்லை. ஏரிக்கரையில் கொட்டிவிடுவோம் என்றது டிரைவர் கூட்டம். கடைசியில் கல்லூரி நிலத்தின் பின்கோடியில் ஆழமாகக் குழி எடுத்து, தார்ப்பாய் விரித்து, சாக்குகளை அடுக்கி, மேலே மண் மூடினோம். அது முறையில்லை என்று எனக்குத் தெரியும். அதைவிட மோசமானது நடக்காமல் தடுத்தோம், அவ்வளவே.

"ஒரு போர்டு எழுதி நடு ஆர்ட்டிஸ்ட்டே" என்றாய் ஆட்டோவில் ஏறும்போது. நம் வாழ்க்கையில் நீ எனக்குக் கொடுத்த கடைசி வேலை.

அந்த மழைக்காலம் தாண்டவில்லை நீ. கடைசி வாரங்களில் மல்லாந்து படுக்க முடியாமல் ஸ்டூலில் தலையணை வைத்துக் குனிந்தபடியே தூங்கினாய். தண்ணீருக்குள் இருப்பவனைப் போல மூச்சுக்குத் தவித்தாய். அதை அழகாகச் சொல்ல ஒரு வழியும் இல்லை, நான் தேடவும் இல்லை. உன் சிலுவையில் பெயரை நான்தான் எழுதினேன். பிரஷ் ஓடவே இல்லை.

ஏழுமலை அடக்கத்துக்கு வந்திருந்தார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "மொதலாளி நிறுத்திட்டாருங்க. நனைச்சி வெட்டினா லேட்டாவுதாம்" என்றார். பிறகு, "காஞ்சதுல இனிமே கை வெக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு மண்ணள்ளிப் போடப் போனார். இப்போது ஒரு செங்கல் சூளையில் இருக்கிறாராம்.

போர்டு எழுதி நட்டேன். 'இங்கே தோண்டாதீர்கள். கீழே கல்நார்.' கறுப்பில் மஞ்சள் எழுத்து. பெற்றோர் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று பிடுங்கினார்கள். மறுபடி எழுதி நட்டேன். மறுபடி பிடுங்கினார்கள். போன மாதம் அந்தப் பக்கம் புது ஹாஸ்டல் கட்டப் போவதாக வாட்ச்மேன் சொன்னார். குழிக்கு மேல் புல் முளைத்துவிட்டது. பார்த்தால் மற்ற நிலத்தைப் போலவே இருக்கிறது. அன்று அங்கே இருந்தவர்களில் நீ இல்லை, ஏழுமலை எங்கோ இருக்கிறார், மேனேஜர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். எனக்கும் இப்போதெல்லாம் இருமல் வந்தால் அது போகும்வரை வேறு நினைப்பு ஓடுவதில்லை.

அதனால் போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் பிரிசியை அங்கே கூட்டிப் போனேன். சரியான இடத்தில் நிறுத்தினேன். அதிகாரிகளுக்கு மனு எழுதுவதாகச் சொன்னாள். பதில் வரும்வரை இடம் தொலைந்துவிடக் கூடாது என்று போனை எடுத்து, அந்த இடத்தை வரைபடத்தில் குறித்தாள். குறித்த இடத்துக்கு ஒரு பெயர் கேட்டது அது.

"இன்னா பேர் அங்கிள் போடறது?"

எனக்கு உன் பெயர்தான் வாயில் வந்தது. சொல்லவில்லை. கல்நாருக்கு உன் பெயரை வைப்பதா என்று தோன்றியது. அவள் 'தோண்டக் கூடாது' என்று தட்டினாள். எனக்கும் அனுப்பினாள்.

என் போனில் அது இருக்கிறது. ஊரில் எங்கே போனாலும், அந்தச் சிவப்புப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று காட்டுகிறது.